ஊர் தெரியாமல் பெயரைத் தேடாதீர்கள்: ஜெர்மானியக் குடியேறிகளின் பூர்விகத் தேடலில் ஏழு ஆண்டு அனுபவம்

என் திருமணத்துக்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்திருந்த அப்பா, என் மாமனாரிடம் கேட்ட முதல் கேள்வி, "சம்பந்தி, உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதுதான். மாமனார் மில்வாக்கி என்றார். அது குடியிருக்கும் ஊர், பூர்விகம் எது என்று அப்பா விடவில்லை, நான் மொழிபெயர்த்தேன். "ஜெர்மனி" என்று பதில் வந்தது. ஜெர்மனியில் எந்த ஊர் என்பதற்கு, அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த உறவினர்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. குடும்பப்பெயர் தெரியும், கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பலகாரம் தெரியும், மாமனாரின் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தார் என்பது தெரியும்; ஊர் மட்டும் தெரியாது. அடுத்த ஆண்டு பனிக்காலத்தில், வெளியே போக முடியாத ஒரு வாரத்தில், அப்பாவின் கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். அந்த ஒரு வாரம் ஏழு ஆண்டுகளாக நீண்டுவிட்டது. இந்தக் காலத்தில் நான் பயன்படுத்திய தளங்களும் பதிவேடுகளும் எதற்கு உதவின, எதற்கு உதவவில்லை என்பதை, இதே போன்ற குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கும் இத்தேடலில் ஆர்வமுள்ளவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மானிய வம்சாவளித் தேடலில் ஊர்ப்பெயர் கிடைப்பதே பாதி வேலை. அது கிடைக்கும் வரை ஜெர்மனி சார்ந்த எந்தத் தளத்துக்கும் பணம் கட்டாதீர்கள். ஜெர்மனிக்கு 1871 வரை ஒரே அரசு கிடையாது என்பதால், நாடு முழுவதற்குமான பழைய பெயர்ப் பட்டியல் என்று ஒன்றும் கிடையாது. பிறப்பும் திருமணமும் இறப்பும் அந்தந்தத் திருச்சபையின் பதிவேட்டில்தான் இருந்தன. அரசுப் பதிவு அலுவலகம், அதாவது ஸ்டாண்டெஸாம்ட், ஜெர்மானிய அரசுகளில் மிகப் பெரியதான பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 அன்றும், ஜெர்மானியப் பேரரசு முழுவதிலும் 1876 ஜனவரி 1 அன்றும்தான் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட ரைன் நதியின் மேற்குக் கரையில் மட்டும் அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. ஆகவே ஊர் தெரியாதவருக்கு எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்றே தெரியாது.

இதை அறியாமல்தான் நான் தொடங்கினேன். கட்டணம் வாங்கும் ஒரு பெரிய தளத்தில் சேர்ந்து, கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தட்டினேன். பெயர் யோகான் என்று தொடங்கியது. ஜெர்மானியக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போது இரண்டு மூன்று பெயர்கள் வைப்பார்கள். முதலாவது பெரும்பாலும் அலங்காரம்தான், புழக்கத்தில் இருக்கும் பெயர் அதற்குப் பின்னால் வரும். ஒரே வீட்டில் நான்கு பையன்களும் யோகான் என்று தொடங்கலாம். யாரையும் யோகான் என்று கூப்பிடமாட்டார்கள். போதாக்குறைக்கு, கைக்குழந்தை இறந்துவிட்டால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கமும் உண்டு. இது எதுவும் எனக்குத் தெரியாது. தளம் காட்டிய குறிப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டே போனேன். இரண்டே இரவுகளில் 1640 வரை போய்விட்டேன். மூன்றாம் நாள் என் கணவர் திரையைப் பார்த்துவிட்டு, அந்த வம்சாவளி மரத்தில் ஒரு தாய்க்கும் மகனுக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம் என்று காட்டினார். முன்பின் தெரியாத யாரோ இணைத்ததை வேறு யாரோ நகலெடுத்து, அதை நான் நகலெடுத்திருந்தேன். மொத்தத்தையும் அழித்தேன். சந்தாவை நிறுத்த மறந்ததால், அடுத்த ஆண்டுக்கான தொகை அட்டையிலிருந்து தானாகவே போனது தனிக் கதை.

இரண்டாவது முறை அமெரிக்கப் பக்கத்திலிருந்து, நிதானமாகத் தொடங்கினேன். இதற்குப் பணம் தேவையில்லை. சால்ட் லேக் சிட்டியிலுள்ள மார்மன் திருச்சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று இருந்தால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் பார்க்கலாம். 1850 முதல் வீட்டிலுள்ள அத்தனை பேரின் பெயரும் அவற்றில் உண்டு. 1900 முதல் குடியேறிய ஆண்டும் உண்டு. எங்கள் யோகான் 1900-இல் 1881 என்றும், 1910-இல் 1883 என்றும், 1920-இல் 1882 என்றும் சொல்லியிருக்கிறார், அல்லது வாசலில் நின்றவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்த எட்டாவது ஆண்டில் எடுக்கப்பட்ட 1890 கணக்கெடுப்பு இருந்திருந்தால் நினைவு இன்னும் பசுமையாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஏடுகளில் பெரும்பகுதி, வாஷிங்டனில் 1921-இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு இல்லாமலே போய்விட்டது. குடியுரிமைப் பத்திரம் கிடைத்தபோது துள்ளிக் குதித்தேன். 1906-க்கு முந்திய பத்திரங்களில் பெரும்பாலும் எந்த மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறார் என்பது மட்டுமே இருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. எங்கள் பத்திரத்தில் இருந்ததும் ஜெர்மானியப் பேரரசரின் பெயர்தான், ஊர் இல்லை.

கப்பல் பட்டியல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லோரும் முதலில் ஓடுவது அங்கேதான். எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை எங்கள் வீட்டிலும் உலவியது. எல்லிஸ் தீவு திறக்கப்பட்டதோ 1892 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் நியூயார்க்கில் வந்திறங்கியவர்கள் 1855 முதல் 1890 வரை காஸில் கார்டன் வழியாகவே வந்தார்கள். எல்லிஸ் தீவிலும்கூட, புறப்படும் துறைமுகத்தில் எழுதப்பட்ட பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள்; பெயரைப் புதிதாக எழுதும் வேலை அங்கே நடக்கவில்லை. பெயர்கள் மாறியது பிறகு, பள்ளியிலும் கடையிலும் தொழிற்சாலையிலும். எங்கள் குடும்பப்பெயரில் 'யு' எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் உண்டு. ஆங்கிலத்தில் அந்தப் புள்ளிகளுக்கு இடம் இல்லாததால், ஒருவர் பின்னால் 'இ' (e) சேர்த்தார், ஒருவர் புள்ளியை விட்டுவிட்டார், ஒருவர் காதில் விழுந்தபடி 'ஐ' (i) போட்டார். ஒரே ஆளுக்கு ஆறு எழுத்துக்கூட்டல்களை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்த உச்ச ஆண்டு 1882. எங்களவரும் அந்தக் கூட்டத்தில்தான் வந்திருக்கிறார். நியூயார்க் பட்டியலில் அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் கண்டுபிடித்தேன். நாடு என்ற பத்தியில் ஜெர்மனி என்பதோடு நின்றுவிட்டது. அவர்கள் ஹாம்பர்க்கில் ஏறியிருந்தால் தேடல் அன்றே முடிந்திருக்கும். ஹாம்பர்க் நகரம் 1850 முதல் 1934 வரையான பயணிகள் பட்டியலை அநேகமாக முழுமையாகக் காத்து வைத்திருக்கிறது. அதில் கடைசியாக வசித்த ஊர் என்று ஒரு பத்தியே உண்டு. இங்கிலாந்து வழியாகக் கப்பல் மாறிச் சென்றவர்களுக்கென்று மறைமுகப் பட்டியலும் தனியாக உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் எங்களவர்கள் ஏறிய துறைமுகம் பிரேமன். அங்கேயும் பட்டியல் எழுதினார்கள். 1875 முதல், வைக்க இடம் போதவில்லை என்று, மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பட்டியல்களை அழித்துவிட்டார்கள். பிறகு எழுதப்பட்டவற்றிலும் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரில் போயின. இப்போது எஞ்சியிருப்பவை முக்கியமாக 1920 முதல் 1939 வரையானவை. இடப் பற்றாக்குறையால் எத்தனை லட்சம் குடும்பங்கள் ஊரை இழந்தன என்று நினைத்தால், பழைய தாள்களை எடைக்குப் போடும் நம் வீட்டு வழக்கத்தின் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஊர்ப்பெயர் கிடைத்தது இணையத்தில் அல்ல. மில்வாக்கியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிற்றூர் ஒன்றின் லூத்தரன் தேவாலயத்தில், அலுவலக அறையின் இரும்பு அலமாரியில், துணியட்டை போட்ட அடக்கப் பதிவேட்டில் கிடைத்தது. மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வராததால் நேரில் போனேன். அங்கிருந்த முதியவர் காபி கொடுத்து, கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, புத்தகத்தை மேசையில் வைத்தார். 1916-இல் இறந்த கொள்ளுப்பாட்டியின் பதிவு ஜெர்மன் மொழியில் ஏழு வரி இருந்தது: பிறந்த நாள், தந்தை பெயர், திருமண ஆண்டு, பெற்ற பிள்ளைகள், உயிரோடு இருக்கும் பிள்ளைகள், இறந்த வயது ஆண்டு மாதம் நாள் கணக்கில், அதோடு பிறந்த ஊர். 1921-இல் இறந்த கொள்ளுத்தாத்தாவின் பதிவோ ஆங்கிலத்தில் இரண்டே வரி. பிறந்த இடம் ஜெர்மனி. இரண்டுக்கும் நடுவில் அமெரிக்கா முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு எதிராக இறங்கியிருந்தது. அந்தப் புத்தகத்தில் 1918-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றின் பாதியில், அதே போதகரின் கையெழுத்து திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறுகிறது. பக்கத்து மாநிலங்களுள் ஒன்றான அயோவாவில், அந்த ஆண்டு மே மாதம், ஆளுநர் வில்லியம் ஹார்டிங் பொது இடங்களிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று ஆணையிட்டிருந்தார். விஸ்கான்சினில் அப்படி ஆணை இல்லாவிட்டாலும் அச்சம் எல்லை தாண்டி வந்துவிடும் அல்லவா? மொழி மாறியதோடு பதிவின் நீளமும் குறைந்து, ஊரும் விடுபட்டது. ஆகவே உங்கள் தேடலில் ஆண்களை மட்டும் துரத்தாதீர்கள். முதலில் இறந்த பெண்ணின் பதிவில் ஊர் இருக்கலாம்.

இந்த மகிழ்ச்சி நான்கு மாதம்தான் நீடித்தது. பதிவில் இருந்த ஊர் பிளாட்டே. வரைபடத்தில் தேடியதும் மெக்லன்பர்க்கில் ஷ்வெரின் நகருக்கு அருகே அந்தப் பெயரில் ஓர் ஊர் கிடைத்தது. அந்த வட்டாரத்துத் திருச்சபைப் பதிவேடுகளை வரிவரியாகப் பார்த்தேன். எங்கள் குடும்பப்பெயர் தலைகாட்டவே இல்லை. தவறு எங்கே என்று காட்டியது கல்லறைத் தோட்டம். அதே தேவாலயத்துக்குப் பின்னால், எங்கள் குடும்பக் கற்களைச் சுற்றியிருந்த கற்களில் ஊர்ப்பெயரைச் செதுக்கியிருந்த ஐந்தும் பிரஷ்யாவின் மாகாணமாக இருந்த போமரேனியாவின் ரேகன்வால்டே மாவட்டத்தையே சொல்லின. குடியேறிகள் தனியாக வருவதில்லை. முதலில் ஒருவர் வந்து கடிதம் போட, தம்பியும் மைத்துனரும் பக்கத்து வீட்டுக்காரரும் பின்னால் வருகிறார்கள், வந்த இடத்திலும் பக்கத்துப் பக்கத்து நிலத்தையே வாங்குகிறார்கள். விஸ்கான்சினின் போமரேனியர் கதையே அப்படித் தொடங்கியதுதான். பிரஷ்ய மன்னர் லூத்தரன், கால்வினியத் திருச்சபைகளை ஒன்றாக்கியதை ஏற்காத பழைய லூத்தரன்கள், 1839-இல் மில்வாக்கிக்கு வடக்கே ஃப்ரைஸ்டாட் என்ற குடியிருப்பை ஏற்படுத்தினார்கள். அதன் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மதமல்ல, நிலமே காரணம். பண்ணையாரின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்களுக்கு இங்கே சொந்தமாக நிலம் கிடைத்தது.

இங்கேதான் மேயர்ஸ்காஸ் தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஏழு ஆண்டுகளில் எனக்கு அதிகம் பயன்பட்ட தளம் எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். 1912, 1913 ஆண்டுகளில் வெளிவந்த, பேரரசின் ஊர்கள் அனைத்தையும் பட்டியலிடும் மேயர்ஸ் ஊர்ப்பெயர் அகராதியின் இணைய வடிவம் இது, முற்றிலும் இலவசம். தெரியாத எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறியிட்டுத் தேடலாம். நான் அப்படித் தேடியபோது, நடுவில் 'எச்' எழுத்து உள்ள பிளாட்டே ஒன்று, ரேகன்வால்டே மாவட்டத்திலேயே வந்து நின்றது. ஒலியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. மில்வாக்கிப் பக்கத்துப் போதகர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். ஒவ்வோர் ஊருக்கும் எந்த ஸ்டாண்டெஸாம்ட், எந்த நீதிமன்றம், அருகில் எந்தெந்தத் திருச்சபைகள் என்பதை இந்தத் தளம் சொல்லிவிடுவதால், அடுத்து எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்ற கேள்வி எழுவதில்லை. அச்சு எழுத்து பழைய ஃபிராக்டூர் வடிவம். சுருக்கக் குறியீடுகள் ஏராளம். ஒரு வாரம் பழகினால் போதும்.

பிளாட்டே இப்போது ஜெர்மனியில் இல்லை. 1945-க்குப் பிறகு அது போலந்தின் ப்வோட்டி. அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டபோது பதிவேடுகளில் பல அழிந்தன, சில ஜெர்மனிக்குச் சென்றன, சில அங்கேயே தங்கின. போமரேனியாவைப் பொறுத்தவரை ஏதேனும் ஓர் ஏடு எஞ்சியிருப்பதே பாக்கியம். போலந்து அரசு ஆவணக் காப்பகங்களின் பொதுத் தேடல் தளத்தில் ஸ்டாண்டெஸாம்ட் ஏடுகள் படங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. போலிஷ் மொழியில் ஊரின் புதுப்பெயரை இட்டுத் தேடினால் எளிதாகக் கிடைக்கும். பெயர் வாரியான தேடலை அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஏட்டைத் திறந்து பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும்.

புரட்டுவதற்குக் குர்ரென்ட் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மானியர் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எழுதிய கூட்டெழுத்து அது. 1941-இல் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டதால் இன்றைய ஜெர்மானியர்களிலேயே பலருக்கு வாசிக்க வராது. ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு இதன் தன்மை உடனே புரியும். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும், சொல்லை முழுதாக ஊகித்த பிறகே எழுத்து தெளியும். குர்ரென்ட்டிலும் அப்படித்தான்: 'இ' (e) எழுத்தும் 'என்' (n) எழுத்தும் ஒரே மாதிரி இரண்டு கோடுகள்; 'யு'வை அடையாளம் காட்டுவது அதன் மேல் இருக்கும் ஒரு சிறு வளைவு மட்டுமே. தினம் அரை மணி நேரம் எழுதிப் பார்த்து, மூன்று மாதத்தில் தட்டுத் தடுமாறி வாசிக்க வந்தது. கையெழுத்தைத் தானாகப் படிக்கும் மென்பொருள் ஒன்றையும் பயன்படுத்தினேன். சாதாரணச் சொற்களை நன்றாகவே படித்தது; பெயர்களில்தான் தடுமாறியது. நமக்கு வேண்டியதோ பெயர்கள்தாமே! வாசிக்கப் பழகாமல் மென்பொருளை நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு செப்டம்பர் இரவில், 1879-ஆம் ஆண்டுத் திருமண ஏட்டின் 14-ஆம் எண் பதிவில் அவர்கள் இருவரும் அகப்பட்டார்கள். அச்சிட்ட படிவத்தில் இடைவெளிகளை மட்டும் கையால் நிரப்பியிருந்தார்கள். மணமகன் குதிரைக்காரர், மணமகள் பண்ணை வேலைக்காரி. இருவரின் பெற்றோர் பெயர்களும் இருந்தன. கடைசியில், வாசித்துக் காட்டப்பட்டு ஏற்கப்பட்டுக் கையொப்பமிடப்பட்டது என்ற அச்சு வரிக்குக் கீழே இரு கையொப்பங்கள். அவருடையது ஒரே இழுப்பில், சரிந்து கிடந்தது. அவளுடையது ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி எழுதப்பட்டது. சட்டப்படி அந்த நிமிடத்திலிருந்து அவளுக்குக் கணவரின் குடும்பப்பெயர். அதை முதன்முதலாக எழுதுகிறாள். முதல் எழுத்துக்குப் பதிலாகத் தன் பிறந்த வீட்டுப் பெயரின் எழுத்தைத் தொடங்கி, அதன் மேலேயே திருத்தி எழுதியிருக்கிறாள். 'யு'வின் மேல் இரண்டு புள்ளிகளும் அழுத்தமாக இருக்கின்றன. தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பிக் காட்டினேன். அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

மாமியார் வழி வேறு திசையில் போனது. அவர்கள் வெஸ்ட்ஃபாலியாவின் ராவன்ஸ்பர்க் வட்டாரத்திலிருந்து மிசௌரிக்கு வந்தவர்கள். அங்கே ஊர் தெரிந்திருந்ததால் நேராக ஆர்க்கியோன் தளத்துக்குப் போனேன். ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் தங்கள் பதிவேடுகளைப் படங்களாக வைத்திருக்கும் கட்டணத் தளம் அது, 2015-இல் தொடங்கியது. மாதக் கணக்கிலும் சந்தா எடுக்கலாம் என்பதால், பார்க்க வேண்டிய ஏடுகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, விடுமுறை மாதத்தில் ஒரு மாதச் சந்தா எடுப்பது என் வழக்கம். கத்தோலிக்கக் குடும்பமானால் மெட்ரிக்குலா தளத்தை முதலில் பாருங்கள். அது இலவசம், ஆனால் எல்லா மறைமாவட்டங்களும் அதில் இல்லை.

ராவன்ஸ்பர்க்கில் என்னைத் திணறடித்தது பண்ணைப் பெயர் வழக்கம். அங்கே பெயர் மனிதருக்கு உரியதல்ல, பண்ணைக்கு உரியது. ஆண் வாரிசு இல்லாத பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவர், தன் குடும்பப்பெயரை விட்டுவிட்டு அந்தப் பண்ணையின் பெயரை ஏற்றுக்கொள்வார். மனைவி இறந்து அவர் மறுமணம் செய்தாலும் அந்தப் பெயரே நிலைக்கும். இரண்டாம் மனைவியின் பிள்ளைகளுக்கு, பண்ணையின் இரத்தம் ஒரு துளியும் இல்லாவிட்டாலும், அதே பெயர்தான். பதிவேட்டில் 'கெனான்ட்', அதாவது 'என்று அழைக்கப்படும்' என்ற சொல் இரு பெயர்களுக்கு நடுவே வந்தால் நிதானியுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறும் நமக்கு இது விளங்குவது எளிது; ஒரே குடும்பப்பெயரை நூல்பிடித்தாற்போல் பின்தொடரப் பழகிய என் மாமியாருக்கு, தன் பாட்டனாரின் பெயர் உண்மையில் ஒரு மாட்டுக் கொட்டகையின் பெயர் என்று விளங்கவைக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது.

அந்த ஏடுகளில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேதிக்குப் பக்கத்தில் '7பர்' என்று இருந்ததை ஏழாம் மாதம் என்று எண்ணி ஜூலை என்று குறித்தேன். முந்தைய குழந்தை அதற்கு முந்தைய நவம்பரில் பிறந்திருந்ததால், எட்டு மாத இடைவெளியில் இரண்டு பிரசவம் என்று வந்தது. லத்தீனில் ஏழு என்பது செப்டம் என்பதால் '7பர்' என்றால் செப்டம்பர். '8பர்', '9பர்' என்பவை முறையே அக்டோபர், நவம்பர். இடைவெளி பத்து மாதமாகி, அந்தத் தாய்க்கும் எனக்கும் சற்று மூச்சு வந்தது.

இப்போதைய நிலை இதுதான். ஆண்டுச் சந்தா எதுவும் வைத்திருக்கவில்லை. ஃபேமிலிசர்ச், மேயர்ஸ்காஸ், போலந்துக் காப்பகத் தளம் ஆகிய மூன்றும் நிரந்தரமாகத் திறந்திருக்கின்றன. ஃபேமிலிசர்ச்சில் சில ஏடுகளின் படங்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது என்பதால், அவற்றுக்காக மட்டும் அதனோடு இணைந்த நூலகத்துக்குப் போகிறேன். ஜெர்மனியில் பதிவு அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்க வேண்டியிருந்தால், பிறப்புப் பதிவு 110, திருமணப் பதிவு 80, இறப்புப் பதிவு 30 ஆண்டுகள் கடந்த பிறகு காப்பகத்துக்கு மாறிவிடும் என்பதை நினைவில் வைத்து, யாருக்கு எழுதுவது என்று முடிவு செய்கிறேன்.

சென்ற பொங்கலன்று தொலைபேசியில் அப்பாவிடம் ஊரின் பெயரைச் சொன்னேன். பிளாட்டே, ரேகா என்ற ஆற்றின் கரையில் என்றேன். "ஆறு இருக்கா, அப்ப நல்ல ஊருதான்" என்றார். ஆனால் அது கொள்ளுப்பாட்டியின் ஊர். 1879-ஆம் ஆண்டுப் பதிவின்படி கொள்ளுத்தாத்தா பிறந்தது நொய்யேன்டார்ஃப் என்ற ஊரில். புத்தூர் என்று பொருள்படும் அந்தப் பெயரை மேயர்ஸ்காஸில் இட்டால் பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது. எந்த மாவட்டம் என்று எழுத அந்த எழுத்தருக்குத் தோன்றவில்லை. பிளாட்டேக்கு மிக அருகில் இருப்பதிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.